நானூறு கஜத்துக்கு ஒரு ரைஃபிள்

ஸ்டில்சன் பள்ளிச் சமையலறையில் வெல்டா ஆஸ்ட்ரம் பத்தொன்பது வருடங்களாக வேலை பார்த்தாள். குள்ளமான பெண். ஐம்பத்திரண்டு வயது. ரயில் பாதையில் வேலை செய்தவரின் ஏழு பிள்ளைகளில் மூன்றாவது. பன்னிரண்டு வயதில் அப்பாவின் குட்டைத் துப்பாக்கியால் முதல் மானைச் சுட்டாள், வீட்டில் கறி இல்லாததால். அதற்குப் பிறகு ஒரு வருடம்கூட இலையுதிர்காலத்தில் அவள் கறிக் கடைக்குப் போனதில்லை. அவள் கோபப்பட்டு ஊரில் யாரும் பார்த்ததில்லை. கோபம் அவளுக்கு வரும். வந்தால் அதைக் கொட்ட மாட்டாள், உள்ளே வைத்துக்கொள்வாள். அது கெட்டுப்போகாது.

ராய்ஸ் பிக்ஸ்லர் மேல் அவளுக்கிருந்த கோபத்துக்குத் தொண்ணூற்றேழாம் வருடம் இரண்டு வயது.

ராய்ஸ் வெளியூர்ப் பணக்காரர்களை மலைக்கு வேட்டைக்குக் கூட்டிப்போகிறவன். குதிரை, கூடாரம், சாப்பாடு, வழிகாட்டி எல்லாம் அவன் பொறுப்பு. வெல்டாவின் கணவன் ஆர்லோ அவனிடம் பதினாறு வருடங்கள் இருந்தான். கோவேறு கழுதைகளில் சுமை ஏற்றி மலைக்குக் கொண்டுபோவதும் இறக்குவதும் அவன் வேலை. தொண்ணூற்றைந்தாம் வருடம் நவம்பரில் வேட்டைக்கு வந்த ஒரு விருந்தாளிக்கு விமானம் பிடிக்க அவசரம். பாதை முழுக்கக் கண்ணாடி மாதிரிப் பனி உறைந்திருந்தது. காலை வரை பொறுக்கலாம் என்றான் ஆர்லோ. இறக்கு என்றான் ராய்ஸ். மூன்றாவது வளைவில் முன்னால் போன கழுதை வழுக்கி, ஆர்லோவையும் சேர்த்துக்கொண்டு உருண்டது. இடுப்பு எலும்பு நொறுங்கியது. இரண்டு அறுவைச் சிகிச்சைக்குப் பிறகும் இரண்டு கைத்தடி இல்லாமல் அவனால் நிற்க முடியவில்லை.

இதுவரைக்கும் வெல்டா பொறுத்துக்கொண்டிருப்பாள். மலையில் வேலை செய்கிறவனுக்கு இப்படி நடக்கலாம் என்பது அவளுக்குத் தெரியும். பொறுக்க முடியாதது நஷ்டஈட்டு விசாரணையில் நடந்தது. புதுத் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு ராய்ஸ் சொன்னான்: "ஆர்லோ நல்ல ஆளுதாங்க. அதுல மாத்துக் கருத்தே இல்ல. ஆனா அன்னைக்கு அவன் ஃப்ளாஸ்க்ல இருந்தது காப்பி இல்லைங்க. இதைச் சொல்ல எனக்கே வருத்தமாத்தான் இருக்கு."

ஆர்லோ குடியை விட்டுப் பதினோரு வருடங்கள் ஆகியிருந்தன. விட்டது எப்படி என்பது வெல்டாவுக்குத்தான் தெரியும். முதல் குளிர்காலத்தில் அவன் கொட்டகையில் உட்கார்ந்து நடுங்கியதை அவள் பக்கத்தில் இருந்து பார்த்தவள். அந்தப் பதினோரு வருடங்களையும் ஒரே வாக்கியத்தில் எடுத்துவிட்டான் ராய்ஸ். சாட்சி சொல்லும்படி அன்று கூட வந்த விருந்தாளிக்குக் கடிதம் போட்டார்கள், பதில் இல்லை. நஷ்டஈடு கிடைக்கவில்லை. காப்பிக் கடையில் ஆர்லோ நுழைந்தால் பழைய சிநேகிதர்கள் எல்லோரும் சேர்ந்தாற்போல கோப்பைக்குள் பார்த்தார்கள்.

அடுத்த வருடம் ராய்ஸ் மலையடிவாரத்தில் ஒரு பெரிய பண்ணையைக் குத்தகைக்கு எடுத்தான். பண்ணைக்குள் போகும் மண் சாலைக்குக் குறுக்கே இரும்புக் கேட் போட்டுப் பூட்டினான். மூன்று தலைமுறையாக ஊர்க்காரர்கள் மேலே இருக்கும் அரசாங்கக் காட்டுக்கு அந்தச் சாலையில்தான் போவார்கள். சாலை பண்ணைக்குச் சொந்தம், சட்டப்படி ஒன்றும் செய்ய முடியாது. காடு எல்லோருக்கும் பொது, ஆனால் போக வழி ராய்ஸுக்கு மட்டும்.

தொண்ணூற்றேழு ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை, வெல்டா கோழித் தீவனம் வாங்கப் போன கடையில் ராய்ஸ் கல்லாமேல் சாய்ந்து கதை சொல்லிக்கொண்டிருந்தான். மேல்காட்டில் குதிரை உயரத்துக்கு ஒரு எல்க் மான் இருக்கிறதாம். இடது கொம்பில் ஒரு கிளை கீழ்நோக்கித் தொங்குமாம். அப்படிப்பட்ட கொம்பை அவன் ஆயுளில் பார்த்ததில்லையாம். ஒஹாயோ மாநிலத்துப் பல் டாக்டர் ஒருவர் அதற்காகவே ஒன்பதாயிரம் டாலர் கட்டியிருக்கிறாராம்.

வெல்டா மூட்டையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டே கேட்டாள். "அது உன் மானா ராய்ஸ்? வளர்க்கிறியா?"

"என் கேட்டுக்குள்ள இருந்தா என் மான்தான்."

"பள்ளத்துக்கு இந்தப் பக்கத்து முகட்டுக்கு உன் கேட் வழியா வரவேண்டியதில்ல. அந்த முகட்டுல நின்னா எதிர்ச் சரிவு தெரியும். ரெண்டும் அரசாங்க நிலம்."

ராய்ஸ் சிரித்தான். "அங்கேருந்து சுடப் போறியா? உங்கப்பாவோட அந்தக் குட்டைத் துப்பாக்கியை வெச்சுக்கிட்டா? அதுக்குக் கல்லெடுத்து எறி வெல்டா. அதாவது பாதி தூரம் போகும்."

கடையில் இருந்த நாலு பேரும் சிரித்தார்கள். அவர்களில் மூன்று பேர் ஆர்லோவின் பழைய சிநேகிதர்கள். வெல்டா ஒவ்வொரு முகமாகப் பார்த்துவிட்டுப் போனாள்.

வீட்டில் ஆர்லோ வரைபடத்தை மேசையில் விரித்தான். அந்த மானை அவன் விபத்துக்கு முன் மூன்று வருடங்கள், அது சின்னதாக இருந்தபோதிலிருந்தே பார்த்திருக்கிறான். "காலையில வெயில் பட்டதும் பைன் மரத்துக்குள்ளேருந்து இந்தச் சரிவுக்கு வரும். ஒரு கால் மணி நேரம் நிக்கும். அப்புறம் கீழ பண்ணைப் புல்லுக்கு எறங்கிடும். எறங்கிட்டா ராய்ஸ் கைக்குப் போயிடும்." விரலை முகட்டிலிருந்து சரிவுக்கு இழுத்தான். "நானூறு கஜம். நடுவுல ஆளை முழுங்கற பள்ளம். அது நிக்கற நேரத்துக்குள்ள கிட்டப் போக வழியே கிடையாது."

"அப்போ நானூறு கஜத்துக்கு ஒரு ரைஃபிள் வேணும்."

"மேக்னம் வேணும், மருந்து அதிகம் அடைச்ச தோட்டா போடறது. அதுவும் சொன்ன எடத்துல போடற மேக்னம். எவ்ளோ ஆகும்னு தெரியுமா?"

"தெரியாது. எவ்ளோ இருக்குன்னு தெரியும். ஒண்ணுமில்ல."

ஆர்லோ ஜன்னல் வழியாகக் கொட்டகையைப் பார்த்தான். "கொட்டகையில என் சுமைச் சேணம் ரெண்டு இருக்கு. வித்துடு."

அந்தச் சேணங்களை அவன் மாதம் ஒரு தடவை இன்னும் எண்ணெய் போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தான். நிஜமாகவா என்று வெல்டா கேட்கவில்லை. நானூற்றிருபது டாலர் வந்தது. துப்பாக்கி, அதன்மேல் மாட்டிக் குறி பார்க்கும் ஸ்கோப், தோட்டா எல்லாமே அதற்குள் முடிய வேண்டும்.

எச்சார்ட் கடையில் பழைய துப்பாக்கிகள் ஒரு சுவர் முழுக்க நிற்கும். எச்சார்ட் பாஸ்க் இனத்தவர். தாத்தா ஆடு மேய்க்க வந்தவர், பேரன் துப்பாக்கிக் கடை. நல்ல மனிதர்தான், ஆனால் வியாபாரி. வெல்டா மேக்னம் என்றதும் பளபளக்கும் வால்நட் கட்டை போட்ட ஒன்றை எடுத்து நீட்டினார்.

"இதைப் பாருங்க. விசைக்குத் தங்க முலாம். தோள்ல வெச்சா இறக்க மனசு வராது."

"தங்கத்தால குறி ஒழுங்கா வருமா?"

"பாக்க அழகா இருக்கும்ல."

"அழகுக்கு எங்க வீட்டுல ஆர்லோ இருக்கான். என்ன விலை?"

"அறுநூத்தம்பது."

அவள் அதைத் தொடவே இல்லை. சுவர் ஓரமாகப் போய்க் கடைசியில் நின்றாள். அங்கே கறுப்பு பிளாஸ்டிக் கட்டை போட்ட ஒரு ஏழு மில்லிமீட்டர் மேக்னம் சாய்ந்திருந்தது. குழல் உடலோடு சேரும் இடத்தில் தண்ணீர்க் குழாய்க்குப் போடுவது மாதிரி ஒரு பெரிய நட்டு. பார்க்கச் சகிக்காத துப்பாக்கி. ஆனால் அந்த மாதிரி நட்டு வைத்த துப்பாக்கிகள் சொன்ன இடத்தில் போடும் என்று ஆர்லோ சொல்லியிருந்தான்.

"அது வேணாங்க. ரெண்டு தடவை வித்து ரெண்டு தடவையும் திரும்பி வந்துச்சு. உதைக்குது, குறியும் சிதறுது. பொய் சொல்லி விக்க மாட்டேன்."

வெல்டா அதை எடுத்தாள். தோட்டாவை உள்ளே தள்ளும் போல்ட்டைக் கழற்றி, ஜன்னல் பக்கம் நீட்டிக் குழலுக்குள் பார்த்தாள். வரிகள் கூர்மையாக இருந்தன. அதிகம் சுட்டிருக்கவில்லை. குழல் வாயை விரல் நுனியால் சுற்றித் தடவினாள், எங்கும் பிசிறு இல்லை. பிறகு எச்சார்டுக்கு முதுகைக் காட்டியபடி பையிலிருந்து ஒரு டாலர் நோட்டை எடுத்தாள். குழலுக்கும் கட்டைக்கும் நடுவில் நுழைத்து, முன்னாலிருந்து பின்னால் இழுத்தாள். நோட்டு வழுக்கிக்கொண்டு வந்து பாதியில் நின்றுவிட்டது. ஒரு இடத்தில் கட்டை குழலைத் தொடுகிறது. சுடும்போது குழல் சூடாகி அந்த இடத்தில் முட்டினால், குண்டு ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு பக்கம் போகும். ஸ்கோப்பைப் பிடிக்கும் தாங்கியில் முன் திருகு ஆடுவது கட்டைவிரல் நகத்துக்கே தெரிந்தது.

அவள் ஒன்றும் சொல்லாமல் நோட்டைப் பைக்குள் வைத்தாள்.

"குறி சிதறும்னு நீங்களே சொல்றீங்க. முன்னூறு போட்டிருக்கீங்க."

"இருநூத்தி எண்பதுக்கு எடுத்துக்கங்க."

"இருநூத்தி அறுபது. மூணாவது தடவை திரும்பி வராது."

எச்சார்ட் அவளை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு சரி என்றார். இன்னொரு தொண்ணூறுக்கு ஆறு மடங்கு பெரிதாக்கும் பழைய ஸ்கோப் ஒன்று. கூட்டிக் குறைக்கும் வசதி இல்லாதது, ஆனால் கண்ணாடி நல்ல கண்ணாடி. மீதிப் பணத்துக்குத் தோட்டா: நாலு பெட்டி, நாலும் வேறு வேறு.

"நாலு தினுசு எதுக்குங்க?"

"அதுக்கு எது புடிக்கும்னு அதுகிட்டதான் கேக்கணும்."

ஆர்லோ சமையலறை மேசையில் துப்பாக்கியைப் படுக்க வைத்து ஒரு வாரம் அதோடு குடித்தனம் நடத்தினான். உப்புத்தாளைச் சுருட்டிக் கட்டையின் உட்புறத்தைத் தேய்த்தான். தேய்ப்பான், டாலர் நோட்டைப் போட்டு இழுப்பான், மறுபடி தேய்ப்பான். நோட்டு ஒரே இழுப்பில் வந்த அன்று அவன் கைத்தடியால் தரையைத் தட்டி வெல்டாவைக் கூப்பிட்டான். திருகுகளைக் கழற்றித் துடைத்து, பிசின் தொட்டு இறுக்கினான். விபத்துக்குப் பிறகு அவன் இவ்வளவு நேரம் எதற்காகவும் நிமிர்ந்து உட்கார்ந்ததை அவள் பார்க்கவில்லை.

ஊருக்கு வெளியே சரளைக் குழியில் நூறு கஜத்தில் காகிதத் தட்டு வைத்துச் சுட்டாள். வண்டியின் பின்பக்கத்தில் உட்கார்ந்து ஆர்லோ தொலைநோக்கியில் பார்த்துச் சொன்னான். மூன்று சுட்டால் பத்து நிமிடம் குழலை ஆறவிட வேண்டும் என்பது அவன் சட்டம். கனத்த குண்டு தட்டு முழுக்கப் பரவியது. லேசான குண்டு பரவாயில்லை. விலை உயர்ந்த பெட்டி மேலும் கீழுமாக ஓடியது. நாலு பெட்டியிலும் விலை குறைந்தது நடுத்தர எடை. அதைப் போட்டதும் மூன்று ஓட்டையும் ஒரு அரை டாலர் காசால் மூடிவிடலாம் போல் விழுந்தது.

"மறுபடி" என்றான் ஆர்லோ.

மறுபடியும் அப்படியே.

"நம்ம வசதி அதுக்குத் தெரிஞ்சிருக்கு" என்றாள் வெல்டா.

துப்பாக்கி தயாராகிவிட்டது. அவள் தயாராகவில்லை. மேக்னம் உதைத்தால் குதிரை உதைத்த மாதிரி. தோள்பட்டை கறுத்துப்போயிற்று. பள்ளி அடுப்பில் சூடான பாத்திரம் பிடிக்கும் பழைய கையுறை ஒன்றைக் கோட்டுக்கு உள்பக்கம் தைத்துக்கொண்டாள். வலி குறைந்தது, பயம் குறையவில்லை. இருநூறு கஜத்துக்குப் போனதும் குண்டுகள் வலப்பக்கம் ஒதுங்கின. ஆர்லோ அவளுக்குத் தெரியாமல் மருந்தில்லாத வெறும் தோட்டாவை உள்ளே போட்டுக் கொடுத்தான். அவள் விசையை இழுத்தாள். டிக்கென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். ஆனால் அவள் தோள் முன்னால் துள்ளியது, கண் மூடிக்கொண்டது.

"துப்பாக்கி வெடிக்கல. நீதான் வெடிச்ச."

"வாயை மூடு."

"யாரை நினைச்சுக்கிட்டுச் சுடற?"

அவள் வெறும் தோட்டாவை உருவி எறிந்தாள்.

"ராய்ஸை நினைக்காத. அவனை நினைக்கிறப்பல்லாம் கை இறுகுது, வலப்பக்கம் இழுக்கற. அவனை இங்க வண்டியில வெச்சுட்டுப் போ. நான் பாத்துக்கறேன்."

"அவன் மூஞ்சி வருது ஆர்லோ. தொப்பியை மடியில வெச்சுக்கிட்டு உக்காந்திருந்தானே, அந்த மூஞ்சி."

"எனக்கு மட்டும் வரலையா? தினம் காலையில காலைக் கீழ வைக்கறப்ப வருது. ஆனா துப்பாக்கி கையில இருக்கறது நீ."

செப்டம்பர் முழுக்க, பள்ளி விட்டதும், அறுத்து முடித்த ஒரு கோதுமை வயலில் சுட்டார்கள். வேலிக் கம்புகளுக்கு நடுவே ஐந்தரை கஜம் என்பது கணக்கு. எழுபத்து மூன்று கம்பு எண்ணினால் நானூறு கஜம். அங்கே எல்க் மானின் மார்பளவுக்கு ஒரு அட்டையை வெட்டி நிறுத்தினார்கள். இருநூறில் நேராகப் போகிற குண்டு நானூறில் ஒரு முழம் இறங்கியது. ஸ்கோப்புக்குள் குறுக்குக் கம்பிகளின் இடைவெளியில் அட்டை எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்று பார்த்துப் பார்த்துக் கண்ணில் ஏற்றிக்கொண்டாள். தோட்டா தீர்ந்தபோது முட்டை விற்ற காசில் இன்னும் ரெண்டு பெட்டி. அவற்றை வாங்கப் போன அன்றுதான் எச்சார்டிடம் உண்மையைச் சொன்னாள்: ஆடிய திருகு, டாலர் நோட்டு, எதற்கு வாங்கினோம் என்பது எல்லாம்.

எச்சார்ட் வெகுநேரம் தலையைச் சொறிந்தார். "ராய்ஸுக்கு எதிரான்னு அன்னைக்கே சொல்லியிருந்தீங்கன்னா இன்னும் இருபது குறைச்சிருப்பேனே" என்றார்.

அக்டோபர் கடைசியில் வேட்டைக்காலம் திறந்தது. முதல் நாள் முகட்டில் ஒரே மூடுபனி. வெல்டா, வேட்டைக்காரர்கள் போட்டே ஆக வேண்டிய ஆரஞ்சு மேல்சட்டையோடு ஒரு பாறைக்குப் பின்னால் மத்தியானம் வரை உட்கார்ந்து, வெண்மையைத் தவிர வேறெதையும் பார்க்காமல் இறங்கி வந்தாள். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. விடியும்போது வானம் கழுவிவிட்ட மாதிரி இருந்தது. கோட்டைச் சுருட்டிப் பாறைமேல் வைத்து அதன்மேல் துப்பாக்கியைக் கிடத்தினாள்.

எட்டு மணி சுமாருக்கு எதிர்ச் சரிவில் வெயில் விழுந்தது. மரங்களுக்குள்ளிருந்து முதலில் நாலைந்து பெண் மான்கள். பிறகு அது வந்தது. ஆர்லோ சொன்னபடியே நின்றது. இடது கொம்பிலிருந்து ஒரு கிளை கீழே தொங்கியது. வெகு கீழே, பண்ணை வேலிக்குப் பக்கத்தில் ரெண்டு குதிரைகள். அவற்றுக்கு முன்னால் ரெண்டு ஆள். ஒருவன் தொலைநோக்கியை எடுத்து மேலே பார்த்துக்கொண்டிருந்தான். அந்தத் தொப்பியை அவளுக்கு எவ்வளவு தூரத்திலும் தெரியும். மான் கீழே இறங்கி வரட்டும் என்று ராய்ஸ் காத்திருந்தான், தன் வீட்டுக் கறவை மாடு வருவதற்குக் காத்திருப்பவன் மாதிரி.

அவள் கை இறுகியது. கன்னத்தைக் கட்டையிலிருந்து எடுத்தாள். கண்ணை மூடி, நாளைக்கு இருநூறு பேருக்கு எத்தனை உருளைக்கிழங்கு உரிக்க வேண்டும் என்று யோசித்தாள். கை தளர்ந்தது. மறுபடி கன்னத்தை வைத்தாள். அட்டை அடைத்த இடத்தை மார்பு அடைத்தது. காற்று இல்லை. ஒரு முழம் மேலே பிடித்தாள்.

உதைத்தது அவளுக்குத் தெரியவே இல்லை. மான் முதுகை வளைத்தது, ரெண்டு அடி நடந்தது. அதற்குள் போல்ட்டை இழுத்து இரண்டாவதையும் அனுப்பினாள். அது முன்னங்கால் மடிந்து விழுந்து, கொஞ்சம் சரிந்து, ஒரு பட்டுப்போன மரத்தில் தடுக்கி நின்றது. கீழே தொப்பிக்காரன் தொலைநோக்கியை இறக்கினான், ஏற்றினான், மறுபடி இறக்கினான். வெல்டா எழுந்து நின்றாள், ஆரஞ்சுச் சட்டை அவன் கண்ணில் நன்றாகப் படும்படி. கையை ஆட்டவில்லை. சும்மா நின்றாள்.

பள்ளத்தில் இறங்கி ஓடையைத் தாண்டி எதிர்ச் சரிவில் ஏற அவளுக்கு ரெண்டரை மணி நேரம் ஆயிற்று. கீழே நின்ற இருவரும் குதிரையில் எப்போதோ வந்துவிட்டிருந்தார்கள். பல் டாக்டர் க்ரோச் உயரமான, கண்ணாடி போட்ட மனிதர். கொம்பைத் தடவிக்கொண்டு நின்றார். ராய்ஸ் முகம் சுண்டியிருந்தது.

"எல்லை தாண்டி வந்திருக்க, வெல்டா."

அவள் மூச்சு வாங்கிக்கொண்டே வரைபடத்தை எடுத்து விரித்தாள். "பச்சை மை போட்டிருக்கு பாரு. அரசாங்கக் காடு. கீழ மரத்துல 'தனியார் நிலம்'னு பலகை ஆணியடிச்சிருக்கியே, அதுவும் பச்சைக்குள்ளதான் இருக்கு."

க்ரோச் வரைபடத்தைக் குனிந்து பார்த்தார். "மிஸ்டர் பிக்ஸ்லர், இங்க வேற யாருமே வர முடியாதுன்னு நீங்க சொன்னீங்க."

"வர வழி கிடையாதுன்னு சொன்னேன் சார்" என்றான் ராய்ஸ். வெல்டாவின் முழங்கையைப் பிடித்துச் சற்றுத் தள்ளிக் கூட்டிப்போனான். குரலை இறக்கினான். "ரெண்டாயிரம் தர்றேன். கறி பூராவும் உனக்கு, என் குதிரையிலேயே வீட்டுல எறக்கிடறேன். அவரோட வேட்டைச் சீட்டைக் கொம்புல கட்டிட்டா அவர் சுட்டதா ஆயிடும். யாருக்குத் தெரியப்போகுது?"

"பணம் வேணாம்."

"பின்ன என்ன வேணும்?"

"அன்னைக்கு ஆர்லோ ஃப்ளாஸ்க்ல என்ன இருந்துச்சுன்னு அவர் காதுல விழறமாதிரிச் சொல்லு."

ராய்ஸ் அவளைப் பார்த்தான். பிறகு கொம்பைப் பார்த்தான், ஒன்பதாயிரம் டாலரை. அந்த ஆள் ஒஹாயோக்காரர், திங்கட்கிழமை போய்விடுவார் என்று அவன் மனதில் ஓடியது வெல்டாவுக்குப் புரிந்தது.

"காப்பி" என்றான்.

"அவருக்குக் கேக்கல."

"காப்பிதான் இருந்துச்சு" என்றான் உரக்க. "அவன் குடிக்கல. காலை வரைக்கும் பொறுக்கலாம்னுதான் சொன்னான். நான்தான் எறங்கச் சொன்னேன். விசாரணையில வேற மாதிரி சொன்னேன். போதுமா?"

"போதும்."

வெல்டா மானுக்குப் பக்கத்தில் மண்டியிட்டாள். பையிலிருந்து தன் வேட்டைச் சீட்டை எடுத்து, சட்டப்படி அன்றைய தேதியும் மாதமும் அச்சிட்ட கட்டங்களைக் கத்தி முனையால் வெட்டினாள். தொங்கும் கிளையில் கம்பியால் சுற்றி முறுக்கிக் கட்டினாள்.

"ஏய், என்ன பண்ற? பேசினதென்ன?"

"நீ என்ன வேணும்னு கேட்ட, நான் சொன்னேன். கொம்பைத் தர்றேன்னு எப்ப சொன்னேன்?"

ராய்ஸ் ஒரு அடி முன்னால் வந்தான். க்ரோச் நடுவில் வந்து நின்றார். "அந்த ஃப்ளாஸ்க் விஷயம் என்ன?" என்று அவளைக் கேட்டார். தோலை உரித்துக்கொண்டே அவள் முழுக்கச் சொன்னாள், ராய்ஸ் பக்கத்தில் நிற்கும்போதே. க்ரோச் முழுக்க நின்று கேட்டார். கடைசியில் தன் விலாசத்தை எழுதிக்கொடுத்துவிட்டுக் குதிரையில் ஏறினார். ராய்ஸுக்குக் காத்திராமல் இறங்கினார்.

கறியைச் சுமக்க ராய்ஸின் சாலை கிடையாது. பள்ளத்தில் இறங்கி ஏற வேண்டும். எச்சார்டும் சமையலறையில் கூட வேலை செய்யும் டெல்லாவும் வந்தார்கள். மூன்று நாள், பதினொரு நடை. வெல்டாவின் கால் விரல் நகம் ரெண்டு கழன்றுவிட்டது. கடைசி நடையில் கொம்பை அவளே தோளில் மாட்டிக்கொண்டாள்.

மூன்று வாரத்தில் க்ரோச்சின் கடிதம் வந்தது. தட்டச்சு செய்து, சாட்சிக் கையெழுத்தும் முத்திரையும் வைத்து, கேட்டதைக் கேட்டபடி எழுதியிருந்தார். நஷ்டஈட்டு அலுவலகத்துக்கு அனுப்பினார்கள். காலக்கெடு முடிந்துவிட்டது, வழக்கை மறுபடி எடுக்க முடியாது என்று பதில் வந்தது. வெல்டா பள்ளி அலுவலகத்தில் காசு கொடுத்து அந்தக் கடிதத்தை முப்பது பிரதி எடுத்தாள். தீவனக் கடை, காப்பிக் கடை, தபால் நிலையம், மாதா கோயில் அறிவிப்புப் பலகை, சவரக் கடை என்று ஊரில் குண்டூசி நிற்கிற இடத்தில் எல்லாம் குத்தினாள். ராய்ஸ் கிழித்தால் மறுநாள் அதே இடத்தில் வேறொன்று இருக்கும். தீவனக் கடையில் அன்று சிரித்தவர்களைக் கூப்பிட்டு, கடிதத்தை உரக்கப் படிக்கச் சொன்னாள். ஒருவன் கண்ணாடி கொண்டுவரவில்லை என்றான். போய் எடுத்துக்கொண்டு வா, நான் நிற்கிறேன் என்றாள். அவன் போய் எடுத்து வந்தான்.

காப்பிக் கடையில் ஆர்லோவுக்கு நாற்காலி இழுத்துப் போட்டார்கள். அவன் உட்கார்ந்தான். மன்னிப்பும் கேட்டார்கள், அவரவருக்கு வந்த விதத்தில். "பரவால்ல விடு" என்றான் ஆர்லோ. வீட்டுக்கு வந்து வெல்டாவிடம் சொன்னபோது, "நீ விடு, நான் விடமாட்டேன்" என்றாள் அவள்.

பச்சை நிலத்தில் அடித்த பலகைகளைப் பற்றி வேட்டைக் காவல் அதிகாரிக்கு எழுதிப் போட்டதும் அவள்தான். ஏழு பலகைகள் இருந்தன. ராய்ஸுக்கு அபராதம் விழுந்தது, அவன் தொழில் உரிமம் ஒரு பருவத்துக்கு நிறுத்தப்பட்டது. க்ரோச் பணத்தைத் திருப்பிக் கேட்டு வக்கீல் வைத்தார். பண்ணைக்காரர் குத்தகையை நீட்டிக்கவில்லை, கேட்டையும் கழற்றிவிட்டார். ஏப்ரலில் ராய்ஸின் குதிரைகளும் கழுதைகளும் ஏலத்துக்கு வந்தன.

வெல்டா விடுப்பு எடுத்துக்கொண்டு போனாள். வாங்க ஒன்றுமில்லை. முதல் வரிசையில், ராய்ஸ் நிமிர்ந்தால் கண்ணில் படும் இடத்தில் உட்கார்ந்தாள். பக்கத்தில் கைத்தடிகளோடு ஆர்லோ. அவன் பழக்கிய கழுதைகள் ஒவ்வொன்றாக வளையத்துக்குள் வரும்போது அவன் தலை குனிந்துகொண்டே வந்தது. அவள் குனியவில்லை.

வெளியே வரும்போது ராய்ஸின் மனைவி ஜோனீன் வழியில் நின்றாள். அழுது முகம் வீங்கியிருந்தது. "பசங்களோட நாங்க எங்க போறது வெல்டா? இப்ப உனக்கு நிம்மதியா இருக்கா?"

வெல்டா யோசித்துத்தான் பதில் சொன்னாள். "நிம்மதியா இல்ல ஜோனீன். ஆனா நல்லா இருக்கு."

வண்டியில் ஆர்லோ கேட்டான். "அந்தப் பொம்பளைகிட்ட அப்படிச் சொல்லணுமா?"

"கேட்டா. சொன்னேன்."

"அவ ஒண்ணும் பண்ணலையே."

"நான் என்ன பண்ணினேன்? ரெண்டு வருஷம் ராத்திரி உன்னைப் பெரட்டிப் படுக்க வெச்சேனே, அப்ப அவ எங்க இருந்தா?" ஆர்லோ கைத்தடிகளைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டான்.

மே மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை. பள்ளிச் சமையலறை ஜன்னல் வழியாக நெடுஞ்சாலை தெரியும். சாமான் ஏற்றிய ஒரு லாரியும், பின்னால் ராய்ஸின் நீல வண்டியும் மேற்கே போயின. நெவாடா மாநிலத்துக்குப் போகிறார்கள் என்று டெல்லா சொல்லியிருந்தாள். வெல்டா கரண்டியைக் கையில் பிடித்தபடியே பின்கதவைத் திறந்து படியில் போய் நின்றாள். வண்டிகள் பாலத்தைத் தாண்டும் வரை பார்த்தாள், பிறகு மேட்டில் ஏறும் வரை, பிறகு தூசி அடங்கும் வரை. உள்ளே சூப் அடிப்பிடித்துவிட்டது. பிள்ளைகள் முகத்தைச் சுளித்தார்கள். டெல்லா வருத்தப்பட்டாள். வெல்டா தட்டுகளில் ஊற்றிக்கொண்டே போனாள்.